ஆலயமும் அன்றாட வாழ்வும்



ஔவையார் தம் கொன்றை வேந்தனில் முதலாவதாகப் பெற்றோரைப் பற்றிச் சொன்னார். இரண்டாவதாக ஆலய வழிபாட்டைப் பற்றிச் சொன்னார். அது நல்லது என்றாரேயன்றி, எவ்வகையில் நல்லது என்று விரித்துரைக்கவில்லை. திண்ணையில் அமர்ந்து மணலில் எழுதும் பிள்ளைகளுக்கு அத்தனை விளக்கம் வேண்டியதில்லை என்று எண்ணினார் போலும். வயது முதிர்ந்தவர்களாகிய நாம் அப்படி விட்டுவிடுவதில்லை. எதிலும், “அதனால் எனக்கு என்ன பயன்?” என்று கேட்டுப் பழகிவிட்டோம். அந்தக் கேள்வியை ஆலயத்தின் வாசலில் நின்று கேட்பதும் தவறன்று என்றே நான் கருதுகிறேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கிறிஸ்தவ ஆலயத்தைப் பற்றி. எழுபது ஆண்டுகளாக நான் அறிந்த ஆலயம் அதுவே என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை. மறுமைக்குரிய நன்மைகளைக் குருமார் எடுத்துச் சொல்வார்கள். அதற்கு உரிமையும் கல்வியும் உடையவர்கள் அவர்கள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியனாகிய நான் சொல்ல விரும்புவது, திங்கட்கிழமை முதல் சனிக்கிழமை வரை நாம் உண்டு உறங்கி உழைத்து வாழும் வாழ்வுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்ன செய்கிறது என்பதைத்தான்.

நான் பிறந்தது திருச்செந்தூருக்கு மேற்கே, தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். செம்மணலும் பனையும் நிறைந்த பூமி அது. சற்றே மேடான இடத்தில் நின்றால், மெய்ஞ்ஞானபுரத்துக் கோயிலின் 192 அடிக் கோபுரம் பனந்தலைகளுக்கு மேலே தெரியும். எங்கள் ஊர்க் கோயில் அவ்வளவு பெரிதன்று. ஓடு வேய்ந்த சிறிய கட்டடம். வாசலில் ஒரு வேப்பமரம். பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு. ஞாயிறு காலையில் கோயிற்பிள்ளை மூன்று முறை மணி அடிப்பார். முதல் மணிக்கு ஊர் குளிக்கும். இரண்டாம் மணிக்கு உடுத்தும். மூன்றாம் மணிக்கு உள்ளே இருக்கும். கடிகாரம் உள்ள வீடுகள் இரண்டோ மூன்றோதான். ஆனால் நாள் இன்னதென்று அறியாத வீடு ஒன்றுகூட இல்லை.

இதைச் சிறு நன்மை என்று தள்ளிவிடக் கூடாது. பதனீர்க் காலத்தில் பனையேறுவோருக்கு ஓய்வு நாள் கிடையாது. பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டாலும் அது கெட்டுவிடும். ஆகையால் அவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் மரமேறி இறங்கி, உடம்பைக் கழுவிக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு கோயிலுக்கு வந்து உட்காருவார்கள். பிரசங்கத்தின்போது சிலர் உறங்கியும் போவார்கள். குருவானவர் அதைக் கண்டும் காணாதவர்போல இருந்துவிடுவார். ஆறு நாளும் ஒன்றுபோலத் தேய்ந்துபோகும் வாழ்க்கையில், ஏழாவது நாளில் ஒன்றரை மணி நேரம், “நீ உழைப்பதற்கு மட்டும் பிறந்தவன் அல்லன்” என்று ஒருவனுக்குச் சொல்ல ஓர் இடம் இருந்தது.

சனிக்கிழமை மாலையே எங்கள் வீட்டில் ஞாயிறு தொடங்கிவிடும். துணி வெளுத்து உலரும், முற்றம் கூட்டப்படும். திருவிருந்து ஞாயிறாக இருந்துவிட்டால் இன்னொரு வேலையும் உண்டு. எவரோடாவது மனத்தாங்கல் இருந்தால், அதை வைத்துக்கொண்டு பந்திக்குப் போகலாகாது என்பது என் தந்தையாரின் கொள்கை. வேலித் தகராறில் பேச்சு நின்றுபோன பக்கத்துத் தோட்டக்காரரின் வீட்டுக்கு, ஒரு சனிக்கிழமை இரவு அவர் அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். என்ன பேசினார்கள் என்பது தெரியாது. திரும்பி வந்தவர் அன்றிரவு நன்றாக உறங்கினார் என்பது மட்டும் தெரியும். பகையை நாள் குறித்துத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒரு மனிதனின் உறக்கத்துக்கும் உடம்புக்கும் எவ்வளவு உதவும் என்பதை மருத்துவர்களே சொல்லட்டும்.

கோயிலுக்குள் நடப்பவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். எழுந்து நிற்கிறோம், முழங்காலில் நிற்கிறோம், உட்காருகிறோம், ஒரே குரலாகப் பாடுகிறோம். திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியாரும், கிருஷ்ணபிள்ளையும் இயற்றிய பாடல்களைப் படித்தவர், படியாதவர் யாவரும் மனப்பாடமாகப் பாடுவார்கள். நூறு பேர் ஒரே ராகத்தில் பாடும்போது நூறு பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்து ஒரே சமயத்தில் விடுகிறார்கள். தனியே இருந்து பாட வெட்கப்படுகிறவன் அந்தக் கூட்டத்தில் வாய்விட்டுப் பாடிவிடுகிறான். நெஞ்சில் அடைத்திருந்தது ஏதோ சற்று இறங்குகிறது. அதன்பின் குற்றங்களை அறிக்கை செய்யும் நேரம். “நான் தவறினேன்” என்று சொல்வது எவருக்கும் கடினம். “நாங்கள் தவறினோம்” என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அந்தக் கடினம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

பிறகு அறிவிப்புகள் வரும். இன்னார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. இன்னார் படுக்கையில் இருக்கிறார், அவருக்காக மன்றாடுங்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இளமையில் அறிவிப்பு நேரம் எனக்குச் சலிப்பாக இருக்கும். இப்போது நினைக்கையில், ஊரின் நாடியைப் பிடித்துப் பார்த்த நேரம் அதுவே என்று தோன்றுகிறது. படுக்கையில் கிடப்பவரின் பெயர் காலை ஒன்பது மணிக்குக் கோயிலில் சொல்லப்பட்டால், பதினொரு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் இருப்பார்கள். ஒருவர் கையில் கஞ்சியும் இருக்கும்.

எங்கள் வீடுகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. அன்னையார் உலையில் அரிசியிடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து அதற்கென்று வைத்த கலயத்தில் போடுவார். வார முடிவில் அது கோயிலுக்குப் போகும். குறைந்த வருவாய் உள்ள வீட்டிலும் அந்தக் கைப்பிடி தவறாது. கொடுப்பதற்குத் தம்மிடமும் ஏதோ ஒன்று உண்டு என்ற நினைவு ஏழைக்கு எவ்வளவு பெரிய மதிப்பைத் தருகிறது! அசனப் பண்டிகையன்று அதே மக்கள் வரிசையாக அமர்ந்து ஒரே உணவை உண்பார்கள். கொடுத்தவரும் அவரே, உண்டவரும் அவரே.

இவையெல்லாம் பழங்கதை, இன்றைய வாழ்வுக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆகவே என் வாழ்விலேயே பின்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2016-ஆம் ஆண்டில் என் மனைவி காலமானாள். நாற்பத்தோராண்டு ஒரே வீட்டில் வாழ்ந்துவிட்டு, அடக்கம் முடிந்த மறு ஞாயிறு நான் கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. இறைவனோடு எனக்கு வழக்கொன்றும் இருந்ததாகச் சொல்ல முடியாது. பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, அவ்வளவுதான். மாதம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. காலையில் எழ வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. உணவு வேளை தவறியது. சில நாட்களில், மாலையில் பால்காரர் வந்து குரல் கொடுக்கும்போதுதான், அன்று முழுவதும் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். பிள்ளைகள் தொலைபேசியில் கேட்டால் நலமாக இருக்கிறேன் என்பேன். அது பொய் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமை மாலை எங்கள் கோயிற்பிள்ளை வந்தார். நான் பள்ளியில் பாடம் சொன்னவர்களில் ஒருவர். உள்ளே வரச் சொன்னேன், திண்ணையிலேயே அமர்ந்தார். ஆறுதல் சொல்லவில்லை, வேத வசனம் ஒன்றும் எடுத்துரைக்கவில்லை. “ஐயா, நீங்கள் உட்காரும் இடத்தை யாருக்கும் விடாமல் வைத்திருக்கிறேன். போன ஞாயிறு வெளியூர்க்காரர் ஒருவர் உட்காரப் போனார்; வேறிடம் காட்டிவிட்டேன். இந்த ஞாயிறும் அப்படியே செய்யட்டுமா என்று கேட்டுப் போக வந்தேன்” என்றார். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. ஒன்பது வாரங்களாக ஒரு மனிதர் என் வெற்றிடத்தைக் காவல் காத்திருக்கிறார்!

அந்த ஞாயிறு போனேன். பாட முடியவில்லை. மற்றவர்கள் பாடினார்கள்; எனக்கும் சேர்த்துப் பாடினார்கள் என்றே சொல்ல வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் அமைந்தபின், 1950-இல் வந்த அதன் திருவிருந்து முறையில், சமாதானம் கொடுத்தல் என்று ஒரு பகுதி உண்டு. பக்கத்தில் இருப்பவரின் வலக் கையோடு நம் வலக் கையைச் சேர்த்து, இருவரும் தத்தம் இடக் கையால் மற்றவரின் கையை மூடிக்கொள்ளுவோம். பல்லாண்டுகளாக நான் பழக்கத்தின் வேகத்திலே செய்துவந்த காரியம் அது. அன்று அருகில் இருந்த முதியவர் என் கையை அவ்வாறு இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டபோது, இரண்டு மாதங்களாக எந்த மனிதக் கையும் என்னைத் தொடவில்லை என்பது சட்டென்று விளங்கியது. தனித்து வாழ்வோருக்கு இது எத்தகைய செல்வம் என்பதைக் கூட்டுக் குடும்பத்தில் வாழ்கிறவர்கள் அறிவது அரிது. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் பொருட்டு ஆலயங்கள் மூடப்பட்டு, உயிர்த்தெழுந்த ஞாயிறும் வீட்டுக்குள்ளேயே கழிந்தபோது, அதை எல்லோருமே ஓரளவு அறிந்துகொண்டோம்.

இது என் ஒருவனின் அனுபவம். ஒருவனுக்கு நேர்ந்தது உலகத்துக்கெல்லாம் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆகையால் பலரை வைத்து ஆராய்ந்தவர்கள் கண்டதையும் கேளுங்கள். அமெரிக்க நாட்டில் செவிலியராகப் பணியாற்றிய 74,534 பெண்களின் வாழ்வை 1996 முதல் 2012 வரை தொடர்ந்து கவனித்து, அதன் முடிவை 2016-இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்றவர்களிடையே, ஒருபோதும் செல்லாதவர்களைவிட, அந்த ஆண்டுகளில் இறப்பு வீதம் 33 விழுக்காடு குறைவாக இருந்தது. வாரம் ஒரு முறை சென்றவர்களிடமும் நல்ல வேறுபாடு தெரிந்தது. புகைபிடிக்கும் பழக்கம் குறைந்திருந்ததும், மனச்சோர்வு குறைந்திருந்ததும், பிறருடைய ஆதரவு மிகுந்திருந்ததும் அந்த வேறுபாட்டின் ஒரு பகுதிக்குக் காரணமாக நின்றன. அவற்றுள் பிறர் ஆதரவின் பங்கு மட்டுமே ஏறத்தாழ நாலில் ஒன்று.

இங்கே ஒரு தடை எழும். நோயுற்றவர் கோயிலுக்குப் போக முடியாது; நலமுள்ளவரே போகிறார். அப்படியிருக்க, கோயிலால் நலம் வந்ததா, நலத்தால் கோயிலுக்குப் போக முடிந்ததா? நியாயமான கேள்வி. அந்த ஆராய்ச்சியாளர்களும் இதை மறக்கவில்லை. தொடக்கத்திலேயே இருதய நோயும் புற்றுநோயும் இருந்தவர்களை விலக்கிவிட்டே கணக்கிட்டார்கள். ஆயினும் இத்தகைய ஆராய்ச்சி ஐயத்தை முற்றிலும் நீக்கிவிடாது. ஆலயத்தை மருந்துக் கடையாக எண்ணுவதும் பொருந்தாது. காய்ச்சல் கண்டவன் மருத்துவரிடம் போக வேண்டும். அவனுக்காக மன்றாடுகிறவர்களே அவனை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது இன்னோர் ஆராய்ச்சி. சாயுன் லிம், ராபர்ட் பட்னம் என்னும் இரு அறிஞர்கள் 2010-இல் வெளியிட்டது. வழிபாட்டுக்கு ஒழுங்காகச் செல்வோர் வாழ்வில் கூடுதலான மனநிறைவு உடையவர்களாக இருக்கக் கண்டு, அதன் காரணத்தை அவர்கள் தேடினார்கள். அந்தச் சபையிலேயே நெருங்கிய நண்பர்களைப் பெற்றிருப்பதே அதன் உயிர்நாடி என்று கண்டார்கள். அடிக்கடி சென்றும் அங்கே நண்பர் ஒருவரும் இல்லாதவருக்கு அந்த நிறைவு கிட்டவில்லை. சுவர்களுக்குள் சென்று வருவதால் மட்டும் ஆவதொன்றுமில்லை; அங்கே நம்மை அறிந்தவர் இருக்க வேண்டும். எங்கள் கோயிற்பிள்ளை அந்த ஆராய்ச்சியைப் படித்தவரல்லர். ஆனால் அதன் பொருளை என் திண்ணையில் அமர்ந்து சொல்லிவிட்டுப் போனார்.

இதன் மறுபக்கத்தையும் நான் கண்டிருக்கிறேன். மகன் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், ஒரு பெருநகரத்து ஆலயத்துக்கு ஏழு ஞாயிறு தொடர்ந்து போனேன். அழகிய கட்டடம், சிறந்த பாடற்குழு, கற்றவர் செய்யும் பிரசங்கம். ஏழு ஞாயிறும் ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. எட்டாம் ஞாயிறு நான் போகவில்லை. அதையும் ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் தீயவர்கள் அல்லர். ஒவ்வொருவரும், “வேறு எவராவது விசாரித்திருப்பார்” என்று நினைத்திருக்கக் கூடும்.

இதைவிடக் கொடிய மறுபக்கமும் நம் நாட்டுச் சபைகளின் வரலாற்றில் உண்டு. ஒரே கோயிலில் சாதிக்கு ஓர் இடம் என்று பிரித்து உட்கார்ந்தவர்கள் நம் முன்னோர்கள். 1833-இல் கல்கத்தாப் பேராயராக இருந்த டேனியல் வில்சன், அந்த வேறுபாடு சபையில் அறவே ஒழிய வேண்டும் என்று மடல் எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சாதியை விடுவதினும் கோயிலை விடுவது எளிது என்று வெளியேறினார்கள். அந்த நோய் இன்னும் முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. ஒருவனை ஒதுக்கி உட்கார வைக்கும் ஆலயம் அவனுக்கு எந்த நலத்தைத் தரும்? அவன் அங்கே தவறாமல் சென்றால், தவறாமல் புண்பட்டுத்தான் திரும்புவான். ஆலயத்துக்கு வா என்று பிறரை அழைக்கும் நாம், அவர் வந்தால் எங்கே உட்காருவார், அருகில் யார் உட்காருவார் என்பதையும் சேர்த்து நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆகவே, ஆலயத்துக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஆசிரியன் என்ற பழைய உரிமையில் சில சொற்கள் கூறுகிறேன். எப்போதாவது பண்டிகைக்குப் போவதைவிட, சிறிய கோயிலானாலும் ஒரே கோயிலுக்கு, ஒரே வேளை ஆராதனைக்குத் தவறாமல் போங்கள். பழக்கமான முகங்கள் அப்போதுதான் உருவாகும். கடைசி மணிக்கு ஓடிவந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். வேப்பமர நிழலில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஆராதனையில் பாதி அங்கேதான் நடைபெறுகிறது. புதிதாக வந்தவரைக் கண்டால், வேறு எவராவது விசாரிப்பார் என்று விட்டுவிடாதீர்கள். அந்த ‘வேறு எவராவது’ நீங்களே. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வரவில்லை என்று பாருங்கள். வெறுமையாக இருக்கும் இடத்தை நினைவில் வைத்து, அடுத்த ஞாயிறு வருமுன், புதன்கிழமைக்குள்ளாவது, அந்த வீட்டுத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம். உங்கள் இடம் காலியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

வேறு சமயத்தைச் சார்ந்த நேயர்களுக்கும், எச்சமயமும் சாராத நேயர்களுக்கும் இப்பேச்சு அயலானது அன்று என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் தோளோடு தோள் நிற்பவர்களும், மார்கழி விடியலில் ஒன்றாகப் பாடிக்கொண்டு தெருவில் வருபவர்களும், நான் சொல்வதைத் தங்கள் அனுபவத்தில் உணர்ந்திருப்பார்கள். மனிதன் எண்ணப்பட வேண்டும். அவன் வராத நாளில் தேடப்பட வேண்டும். வாரந்தோறும் அதைச் செய்யும் இடம் எதுவோ, அது அவன் அன்றாட வாழ்வுக்கு அரணாக நிற்கும்.

எங்கள் கோயிற்பிள்ளைக்கு இப்போது முதுமை வந்துவிட்டது. மணிக்கயிற்றை இழுக்கும்போது இருமல் வருகிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மணி ஓசை வேறுவிதமாகக் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன். இளைஞன் ஒருவன் அடித்திருக்கிறான். பின்வரிசை ஓரத்தில் அவருடைய இடம் வெறுமையாக இருந்தது. அன்று நான் புதன்கிழமை வரையில் காத்திருக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் அமர்ந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே அல்லவா?